முதல் துளி யாருக்கு?

"அம்மா, இட்லி மாவு கரைச்சு வைக்கிற பெரிய குண்டானை ரெண்டு வாரத்துக்கு எனக்குத் தர்றியா?" என்று மகன் கேட்டான்.

2021 ஆகஸ்ட் மாதம். கொல்கத்தாவின் பெஹாலா பர்ணஸ்ரீயில் எங்கள் வீட்டு மாடியில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கொரோனா காலம் என்பதால் அவனுக்கு அலுவலகமே வீடுதான். எதற்கு என்று கேட்டேன். "வீட்லயே பீர் பண்ணிப் பாக்கலாம்னு. சமையல் ஷோல காட்டினாங்க. இட்லி மாவு மாதிரிதாம்மா, கஷ்டமே இல்ல."

நான் பதில் சொல்லவில்லை. கரண்டியை வைத்துவிட்டு பால்கனிக்குப் போய் நின்றேன். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில், நான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நாளில், எங்கள் கொல்லையில் அப்பா ஒரு மண்பானையைப் புதைத்து வைத்திருந்தார். ஊறல் என்று அம்மா அதைச் சொல்வாள், அதுவும் எங்கள் காதில் விழாதபடி. அந்தப் பானையால் எங்கள் வீட்டில் என்னென்ன உடைந்தது என்பதை நான் மகனிடம் சொன்னதே கிடையாது. சொல்லாமல் விட்டதன் விலை அன்றைக்குத் தெரிந்தது. அவனுக்கு அது இட்லி மாவு, எனக்கு ஊறல்.

அவன் பீருக்கு வந்து சேர்ந்த வழி என் சமையலறையிலிருந்தே தொடங்கியது. அந்த ஜூலையில் மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவின் இறுதிச் சுற்றை நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். மெல்பர்னைச் சேர்ந்த கிஷ்வர் சௌத்ரி, வங்காளக் குடும்பத்துப் பெண், நடுவர்கள் முன் பாந்தா பாத்தை வைத்தார். இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, ஆலு போர்த்தா என்கிற உருளைக்கிழங்கு மசியல், மத்தி மீன். வெற்றி அவருக்குக் கிடைக்கவில்லை, மூன்றாம் இடம். ஆனால் நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளப் பெண்மணி படியேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தீதி, எங்க பாந்தாவை உலகமே பார்த்தது" என்று கண் கலங்கினார். எனக்கும் தொண்டை அடைத்தது. எங்கள் பழைய சோறும் அதுதானே. வயல் வேலைக்குப் போகிறவர்கள் நீராகாரமாகக் குடித்துவிட்டுப் போன அதே புளிப்பு.

அந்த ஒரு தட்டு என் மகனுக்குள் ஏதோ ஒன்றைத் திறந்துவிட்டது. தயிர், இட்லி, பாந்தா, ஊறுகாய் என்று புளிக்கிற எல்லாவற்றையும் தேடிப் பார்க்க ஆரம்பித்தான். அப்படித்தான் அமெரிக்க ஃபுட் நெட்வொர்க்கில் ஆல்டன் பிரவுன் நடத்திய குட் ஈட்ஸ் நிகழ்ச்சியின் பழைய பகுதி ஒன்று அவனுக்குக் கிடைத்தது. தோசைக்கல்லையும் ரொட்டியையும் விளக்குவது போலவே அதில் அவர் பீரை விளக்குகிறார். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினான். பார்த்தேன்.

நான் 26 வருடம் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். அந்த நிகழ்ச்சி நல்ல வகுப்பு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஈஸ்ட் மாவுச்சத்தைத் தின்னாது, சர்க்கரையைத்தான் தின்னும். பார்லியை முளைகட்டினால் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அதற்குள்ளேயே சுரக்கின்றன. முளைகட்டி உலர்த்திய தானியத்தை 65 டிகிரிக்குக் கொஞ்சம் மேலான வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் இனிப்பான சாறு இறங்கும். அதை ஹாப்ஸ் பூவின் கசப்போடு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டு, 20 டிகிரி அளவுக்கு ஆற்றி, ஈஸ்ட் சேர்த்து மூடி வைத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் சர்க்கரை சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. புட்டியில் துளி சர்க்கரையோடு அடைத்து மேலும் இரண்டு வாரம். புதியவர்களுக்கு முதல் பாதி வேலையை மிச்சம் பிடிக்க மால்ட் பாகு டப்பாவில் கிடைக்கிறது. பாத்திரம் சுத்தமாக இல்லாவிட்டால் வேண்டாத கிருமி முந்திக்கொண்டு எல்லாம் கெட்டுவிடும். இவ்வளவும் அரை மணி நேரத்துக்குள்.

சமையல் நிகழ்ச்சியின் பலம் இங்கேதான். முதல்முறை செய்கிறவருக்கு இருக்கிற பயத்தை அது எடுத்துவிடுகிறது. ரசாயனம், தொழிற்சாலை, ரகசியம் என்று தூரத்தில் நின்ற ஒன்றை அடுப்பு, குண்டான், வடிகட்டி, வாளி என்று நம் கைக்கு எட்டுகிற பொருளாக ஆக்கிவிடுகிறது. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு இருந்த தடையை நீக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். சட்டம் கதவைத் திறந்தது. அடுப்படி வரை கையைப் பிடித்து அழைத்துப் போன வேலையில் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கும் பங்கு உண்டு.

தொலைக்காட்சியின் மேல் குற்றம் சுமத்த அன்று மனம் துடித்தது. ஆனால் நானும் அதையே செய்திருக்கிறேன். நான் நடத்திய எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் நுண்ணுயிரிகள் பாடத்தில் ஒரு செய்முறை இருந்தது. நீரில் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் நாலைந்து மணி நேரம் மூடி வைத்துப் பிறகு முகர்ந்து பார்க்க வேண்டும். அது சாராய வாசனை. வருடா வருடம் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் அந்தக் கண்ணாடிக் குவளையை நீட்டி முகரச் சொன்னவள் நான். ஒவ்வொரு வருடமும் அந்த வாசனையில் என் வயிறு புரளும். பாடத்தை மட்டும் நிறுத்தியதில்லை, ஏனென்றால் அது உண்மை.

அப்படியானால் கேள்வி இதுதான். ஒன்றைச் செய்யும் வழியைக் கற்றுக்கொடுக்கிறவர், அதோடு சேர்த்து வேறு எதைக் கற்றுக்கொடுக்கக் கடமைப்பட்டவர்?

முதலில் பானையிடமே கேட்டுப் பார்த்தேன். புளித்தல் என்பதே தூய்மைக் கேடா? நம் மரபு இதில் ஒரே குரலில் பேசவில்லை. கீதையின் 17-ஆம் அத்தியாயம் உணவை மூன்று குணங்களாகப் பிரிக்கும்போது, சமைத்து நேரம் கடந்ததையும் நாள்பட்டதையும் தாமச உணவில் சேர்க்கிறது. மனுஸ்மிருதியின் 5-ஆம் அத்தியாயமோ புளித்தவற்றை விலக்கிவிட்டு, தயிரையும் தயிரிலிருந்து வருவதையும் உண்ணலாம் என்று அனுமதிக்கிறது. பாட்டி, ஆறிய சோற்றைத் தொட்டால் கை கழுவச் சொல்வாள்; விடிந்ததும் அவள் குடிப்பது முந்தின நாள் சோற்றின் நீராகாரம். பானைக்குள் நடக்கிற வேலையை வைத்து எல்லைக்கோடு போட முடியாது. தயிர், இட்லி, கள், பீர் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்று வாழ்கின்றன, அவ்வளவுதான். பவேரியாவில் 1516-இல் பீருக்கென்று போட்ட சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டும் அனுமதித்தது. உண்மையில் வேலை செய்த ஈஸ்டின் பெயர் அதில் இல்லை. அது ஓர் உயிர் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தன் ஆய்வு நூலை வெளியிட்டது 1876-இல். நம் கைக்கு மீறிய ஒன்று நமக்காக உழைக்கிறது என்ற வியப்பு, புளிக்கவைக்கிற எவருக்கும் வரத்தான் செய்யும். அந்த வியப்பை நான் பக்தி என்றே சொல்வேன்.

கோடு வேறெங்கோ இருக்கிறது. பௌத்தர்களின் ஐந்தாவது சீலம் மதுவை விலக்கச் சொல்கிற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது: அது பமாதத்துக்கு, கவனம் தவறுவதற்கு, இடமாகிறது. வடமொழியில் பிரமாதம். அதே சொல் தமிழுக்கு வந்து பொருள் மாறி, நன்றாக இருப்பதைப் பாராட்டுகிற சொல்லாகிவிட்டது. நம் சமையல் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். கடைசியில் நடத்துகிறவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, "பிரமாதம்!" என்பார். எந்த நாட்டு நிகழ்ச்சியானாலும் உச்சக்கட்டம் அந்த முதல் வாய்தான். பீர் நிகழ்ச்சியிலும் முதல் மடக்கு செய்தவருக்கே.

என் பாட்டி வீட்டில் அது நடக்காத காரியம். படையல் போடுவதற்கு முன் ருசி பார்க்கக் கூடாது. உப்பைக் கண்ணால் பார்த்தே போடுவாள், கொதிக்கிற வாசனையிலேயே புளி போதுமா என்று சொல்லிவிடுவாள். முதல் கவளம் சாமிக்கு, அடுத்தது காக்கைக்கு, பிறகுதான் எங்கள் தட்டு. சின்ன வயதில் இதைக் கண்டிப்பு என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. சமைத்தவளின் நாக்கு அந்த உணவுக்கு முதல் சொந்தக்காரி இல்லை என்பதை அவள் தினமும் ஒருமுறை தனக்கே நினைவூட்டிக்கொண்டாள்.

மகன் குண்டான் கேட்ட அந்த மாதம் பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தாளாக வந்த ஒரு சந்தால் பழங்குடிப் பெண், ஜார்கிராம் பக்கத்து ஊர்க்காரி, எங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவாள். அவளிடம் வங்காள மொழியில் கேட்டேன், உங்கள் ஊரில் ஹாண்டி என்கிற சோற்று மதுவை எப்படிச் செய்வீர்கள் என்று. முகம் மலர்ந்தது. சோறு வடித்து ஆற்றி, ராணு என்கிற மூலிகை வேர் கலந்த மாவு உருண்டையைப் பொடித்துப் பிசறி, பானையில் மூடி வைத்தால் வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாள், குளிர் காலத்தில் இன்னும் கூட. பிறகு தண்ணீர் விட்டு வடிகட்ட வேண்டும். பார்லியின் முளை செய்கிற வேலையை இங்கே ராணுவில் இருக்கும் பூஞ்சை செய்கிறது. "யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்றேன். அம்மா என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். "மாராங் புரு" என்றாள்.

சந்தால்களின் படைப்புக் கதை அது. லார்ஸ் ஸ்க்ரெஃப்ஸ்ருட் என்ற நார்வே பாதிரியார் ஒரு முதியவரிடம் கேட்டு எழுதி 1887-இல் வெளிவந்த நூலிலும் இருக்கிறது. உலகின் முதல் ஆணும் பெண்ணுமான பில்ச்சு ஹாரமுக்கும் பில்ச்சு பூடிக்கும் தானியத்தில் மது காய்ச்சக் கற்றுக்கொடுத்தவர் பெரிய தெய்வமான மாராங் புரு. செய்முறை சொன்னவர் அதோடு நிறுத்தவில்லை. முதலில் என் பெயரால் ஊற்றிவிட்டுப் பிறகு குடியுங்கள் என்றார். குடித்தார்கள், மயங்கினார்கள், மறுநாள் வெட்கப்பட்டார்கள், அவர்களிடமிருந்து மனிதகுலம் வந்தது. மதுவால் வருகிற மயக்கத்தையும் வெட்கத்தையும் அந்தக் கதை மறைக்கவில்லை. வீட்டில் மது செய்யக் கற்றுக்கொடுத்த முதல் ஆசிரியர், செய்முறையின் ஒரு படியாகவே படையலையும் வைத்தார் என்பது என்னை உலுக்கியது. தொலைக்காட்சியில் விட்டுப்போன படி அதுவே.

"இங்கே குடிக்கிறார்களா?" என்று அவளிடம் கேட்டேன். முகம் மாறியது. அவள் புருஷன் கடையில் வாங்கிக் குடிக்கிறானாம். "ஊரில் ஹாண்டி என்றால் பரவு நாள், எல்லோரும் இருப்பார்கள். முன்னோருக்கு ஊற்றுவோம். இங்கே அவன் தனியாகக் குடிக்கிறான், மாஷி" என்றாள். பரவு என்று அவள் சொன்னது திருவிழாவை.

இதே வங்காளத்தில் இன்னோர் ஆசிரியரும் நினைவுக்கு வந்தார். ராமகிருஷ்ண பரமஹம்சரின் இல்லற சீடர் சுரேந்திரநாத் மித்ரா குடிப்பழக்கம் உள்ளவர். 1886-இல் குரு மறைந்தபின் பராநகரில் இளம் துறவிகள் தங்க வீடு எடுத்துக்கொடுத்தவர் அவர்தான். பரமஹம்சர் அவரிடம் குடியை விடு என்று கட்டளையிடவில்லை. குடிக்கும் முன் காளிக்கு நிவேதனம் செய், அவள் பிரசாதமாக எடுத்துக்கொள், ஆனால் கால் தடுமாறக் கூடாது, மனம் தடுமாறக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். சொன்னபடி செய்யச் செய்ய சுரேந்திரரின் குடி தானாகக் கட்டுக்குள் வந்தது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இங்கே நான் நின்றுவிட்டால் பொய் சொன்னவள் ஆவேன். ஏனென்றால் என் அப்பாவும் படைத்துவிட்டுத்தான் குடித்தார். குவளையில் விரலை நனைத்து மூன்று துளி மண்ணில் தெளித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். கருப்பனுக்கு என்பார். தெளித்த கையாலேயே அம்மாவை அடித்தார். அந்த மூன்று துளிகள் எங்களைக் காப்பாற்றவில்லை. சடங்கு மட்டும் போதும் என்றால் எங்கள் வீடு கோயிலாக இருந்திருக்கும்.

பல இரவுகள் இதை நினைத்துக் கிடந்தேன். அப்பாவின் துளிகளுக்கும் சுரேந்திரரின் நிவேதனத்துக்கும் என்ன வித்தியாசம்? பரமஹம்சர் சொன்ன இரண்டாவது பாதிதான். கொடுத்தபின் அது உன்னுடையது இல்லை, ஆகவே நீ தடுமாறினால் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்பா கருப்பனுக்குக் கொடுத்தது லஞ்சம். பதில் சொல்ல வேண்டிய முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அந்த முகம் அடுப்படியில் இருந்தது. வள்ளுவரும் கள்ளுண்ணாமை அதிகாரத்தில், கள் குடித்தவனைப் பார்க்கும் பெற்ற தாயின் முகத்தைத்தான் நமக்கு நினைவூட்டுகிறார். முதல் துளி யாருக்கு என்று கேட்பது, இந்தக் குவளையால் யார் வாழ்க்கை ஆடும் என்று கேட்பதுதான். தெய்வத்தின் பெயரைச் சொல்வது அந்த முகத்தை மறக்காமல் இருக்க.

அந்த முகத்தைச் சற்றும் பார்க்காதவர்கள் வியாபாரிகள். எங்கள் டைமண்ட் ஹார்பர் சாலை தெற்கே போகும் அதே மாவட்டத்தில், சங்கிராம்பூரில், 2011 டிசம்பரில் 170-க்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயம் குடித்து இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். அங்கே கொன்றது மெத்தனால். சோற்றையோ பார்லியையோ புளிக்கவைப்பதில் அந்த விஷம் உயிரைப் பறிக்கும் அளவுக்குச் சேராது. குடிக்கிறவரின் முகம் தெரியாத ஒருவர் காசுக்காகக் கலப்பது அது.

மகன் குண்டான் கேட்ட அந்த வருடம், செப்டம்பர் 16 இரவு, கீழ்வீட்டு மாஷிமா எங்களை அழைத்தார். மறுநாள் பாத்ர மாதக் கடைசி நாள், விஸ்வகர்மா பூஜை, அவர்கள் வீட்டில் அரந்தன். அன்று அடுப்புக்கு ஓய்வு. முந்தின இரவே எல்லாம் சமைத்து, சோற்றில் தண்ணீர் ஊற்றி, காலையில் குளிர்ந்த அடுப்பைத் துடைத்து அதன்முன் மனசா தேவிக்குப் படைப்பார்கள். மகன் இரவு முழுக்க அவருக்குக் காய் நறுக்கிக் கொடுத்தான். சேப்பங்கீரையும் ஹில்சா மீனும் வெந்துகொண்டிருந்தபோது பழக்கதோஷத்தில் ஒரு கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனான். மாஷிமா அவன் மணிக்கட்டை மெல்லப் பிடித்தார். "இன்னும் இது நம்முடையது ஆகலை, பாபா."

அவன் கரண்டியை வைத்துவிட்டான். மறுநாள் பாந்தாவைச் சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்தோம். அன்றுதான் அப்பாவைப் பற்றி அவனிடம் எல்லாம் சொன்னேன். கொல்லைப் பானை, மூன்று துளிகள், அம்மாவின் கை வளையல் உடைந்த சத்தம். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?" என்றான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

மேற்கு வங்கத்தில் உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சுவது குற்றம். 1909-இன் வங்காளக் கலால் சட்டம் அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் மதுவுக்குப் பச்வாய் என்று தனிப்பெயரே கொடுத்து எழுதி வைத்திருக்கிறது. அதையும் சொன்னேன். இனி குண்டான் வேண்டாம் என்றான். நான் இன்னொன்றும் சொன்னேன். "நாளைக்கு நீ எங்கேயோ போவே. அங்கே சட்டம் விடும். அப்ப நான் தடுக்க முடியாது. ஆனா முதல் துளி யாருக்குன்னு உன்னையே கேட்டுட்டுச் செய்."

ஜோகா மெட்ரோ எங்கள் தலைக்கு மேல் ஓடத் தொடங்கிய வருடம், 2023-இல், அவன் வேலைக்காக மெல்பர்ன் போனான். அங்கே தன் தேவைக்கு வீட்டில் பீர் செய்யத் தடையில்லை. ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னான், வாளியும் மால்ட் பாகும் வாங்கிவிட்டதாக. என் வயிறு புரண்டது. சரி என்று மட்டும் சொன்னேன். அந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே அழைத்தான். ஈஸ்ட் போட்டு மூன்றாம் நாள், வாளியில் நுரை எழுந்து வீடெல்லாம் வாசனை பரவியதாம். அவனோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கும் பையன் அன்று மாலை அறையை விட்டு வெளியே வரவே இல்லையாம். கதவைத் தட்டிக் கேட்டபோது, தான் குடியை நிறுத்தி ஒரு வருடம் கூட ஆகவில்லை என்று அந்தப் பையன் சொன்னானாம்.

"நான் கேட்டிருக்கணும்மா, தொடங்கறதுக்கு முன்னாலேயே" என்றான் என் மகன். "அன்னிக்கு ராத்திரியே வாளியைத் தூக்கிட்டுப் போய் ஒரு ஃப்ரெண்ட் வீட்டு கராஜ்ல வச்சுட்டேன். ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு வீட்டைக் கழுவிட்டேன். இனிமே அந்த வீட்ல பண்ண மாட்டேன்."

நுரை கட்டி நிற்கிற வாளியைத் தூக்கிக்கொண்டு அவன் இருட்டில் நடந்து போவதை நினைத்துப் பார்த்தேன். ஒரு துளி கூட அவன் இன்னும் வாயில் வைத்திருக்கவில்லை.